சீன நாவல்களில் ஒரு பேச்சும் பல செவிகளும்

உள்ளதை உள்ளபடி ஒளிவுமறைவின்றிச் சொல்வதே நேர்மை, சுற்றி வளைத்துப் பேசுவது கோழையின் தொழில் என்னும் கொள்கை சீர்திருத்தத்தில் நாட்டமுடைய நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. மேடைப் பேச்சுக்கும் பத்திரிகைத் தலையங்கத்திற்கும் அக்கொள்கை முற்றும் பொருந்தும். அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் அதே அளவுகோலைக் கதை நூல்களின்மேல் வைத்து, கதையில் வருவோர் வாய்திறந்து பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரே பொருள்தான் இருத்தல்வேண்டும், இரண்டு பொருள் தொனிப்பின் அஃது ஆசிரியனுடைய குற்றம், இல்லையேல் அவன் இனத்தாருடைய குற்றம் என்று தீர்ப்புச் சொல்லப் புகுவோர் சிலர் உளர். அவர்களோடு நாம் உடன்பட இயலவில்லை. அத்தகைய தீர்ப்புக்குப் பெரிதும் இலக்காகியிருப்பவை சீனரின் பழைய நாவல்கள்.

ஆர்தர் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சீனருடைய குணங்களைப் பற்றி 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சுற்றிவளைத்துப் பேசும் திறமைக்கென்று ஓர் அத்தியாயமும், மனநேர்மையின்மைக்கென்று மற்றோர் அத்தியாயமும் உண்டு. அந்நூலின் பெயரையும் கேட்டறியாத நம்மவர், அதன் கருத்துக்களை மட்டும் எங்கிருந்தோ பெற்று, சீனன் மனத்திலிருப்பதைச் சொல்லமாட்டான் என்று பட்டணத்துக் கடைவீதியில் உறுதியாகப் பேசிக்கொள்ளுகின்றனர். அப்படிப் பேசுகிறவர் தம் மனத்திலிருப்பதையெல்லாம் மாமனாரிடத்திலும் கடன் கொடுத்தவரிடத்திலும் கொட்டிவிடுகிறாரா என்று கேட்பது மரியாதையாகாது. ஆகையால் நாம் கேட்பதில்லை.

நிற்க. பேச்சில் இருபொருள் என்றவுடன் வாசகர்களுக்கு நம் புலவர்களுடைய சிலேடை நினைவுக்கு வரலாம். நாம் கூறவந்தது அதுவன்று. சிலேடையில் இரண்டு பொருளும் கேட்போர் எல்லோருக்கும் விளங்கவேண்டும்; விளங்கினாற்றான் புலவனுக்குக் கைதட்டல். சீன நாவல்களில் நாம் காணும் பேச்சோ, ஒருவருக்கு விளங்கி மற்றொருவருக்கு விளங்காமலிருத்தற்கென்றே பேசப்படுவது. அதற்கு நம்மிடத்தில் நெருங்கிய உறவு வேறொன்று உண்டு. தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்க, அவனைக் காணாதவள்போலத் தோழி தலைவியிடம் பேசுவாள். பேச்சு தலைவிக்கு, பொருள் தலைவனுக்கு. சிறைப்புறம் என்று சங்க நூல்களில் வழங்கும் இவ்வழக்கை அறிந்த தமிழனுக்குச் சீனரின் இவ்வகைப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. சங்கப் பாட்டின் அடியில், தோழி யாருடைய செவிக்காகச் சொன்னாள், எதன்பொருட்டுச் சொன்னாள் என்று முன்னோர் ஒரு குறிப்பு எழுதிவைத்துப் போயினர். சீன நாவலாசிரியன் முக்கியமான இடங்களில் அக்குறிப்பை எழுதுவதில்லை. குறிப்பில்லாத இடத்தில் தாமே ஒரு குறிப்பை எழுதி ஒட்டிவிடத் துடிக்கும் வாசகரை நோக்கியே இக்கட்டுரை.

சீன மொழியில் 'ஹுங் லோ மெங்' எனப்படும் 'செம்மாடக் கனவு' இதற்குத் தலைசிறந்த சான்று. ட்சாவ் சுவேச்சின் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதியது. அவர் 1763-ஐ ஒட்டிக் காலமானபோது அந்நூல் அச்சேறவில்லை. 80 அத்தியாயங்கள் கையெழுத்துப் பிரதிகளாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வழங்கிவந்தன. 120 அத்தியாயங்களோடு அச்சில் வெளிவந்தது 1791-இல்தான். சீனம் படித்தறியாத நம் போன்றோர்க்கு, டேவிட் ஹாக்ஸும் ஜான் மின்ஃபோர்டும் 1973 முதல் 1986 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும், யாங் ஷியென்யியும் அவர் மனைவியார் கிளாடிஸும் பீக்கிங்கிலிருந்து வெளியிட்ட மொழிபெயர்ப்பும் வழிகாட்டிகள்.

கதை சியா என்னும் பெருங்குடும்பத்தைப் பற்றியது. அக்குடும்பத்தின் செல்லப்பிள்ளை பாவ்யூ. அவனுடைய அத்தைமகள் தாய்யூ, தாயை இழந்து பாட்டி வீட்டில் வந்து வளர்பவள். அவனுடைய சித்திமகள் பாவ்ச்சாய், செல்வக் குடியிற் பிறந்தவள், நிதானம் மிக்கவள். பாவ்யூவின் மனம் தாய்யூவிடம்; பெரியோர் கண்ணோ மெல்ல மெல்லப் பாவ்ச்சாயிடம் திரும்புகிறது. இவ்விடத்தில் தமிழ் வாசகன் திடுக்கிடுவான். அத்தைமகள் முறைப்பெண், சித்திமகளோ உடன்பிறந்தாள் முறையாயிற்றே! நம் வழக்கிலாயின் இக்கதை தொடங்கிய இடத்திலேயே முடிந்திருக்கும். சீனருக்கோ குடும்பப் பெயர் வேறாயிருக்கும் இவ்விரு பெண்களும் மணத்தற்குரியோரே. அதனாற்றான் கதை 120 அத்தியாயம் நீளுகிறது.

எட்டாம் அத்தியாயத்தில் ஒரு சிறு காட்சி. வெளியே பனி கொட்டுகிறது. ஷுவே சித்தியின் வீட்டில் இளையோர் கூடியிருக்கின்றனர். பாவ்யூ மதுவைச் சூடாக்காமலே குடிக்க விரும்புகிறான். குளிர்ந்த மது உடலுக்குள் தங்கி ஊறு செய்யும் என்று பாவ்ச்சாய் எடுத்துச் சொல்லுகிறாள். அவனும் உடனே கேட்டுக்கொண்டு, சூடாக்கித் தரச்சொல்லுகிறான். தாய்யூ பக்கத்தில் அமர்ந்து விதை கொறித்தபடி, இதழ்க்கடையிற் புன்னகைத்துக்கொண்டு வாளாவிருக்கிறாள். அவ்வேளையில் அவளுடைய வேலைக்காரச் சிறுமி, குளிர்காலத்திற் கைகளைச் சூடாக்கிக்கொள்ளும் சிறு கணப்புச்சட்டி ஒன்றைக் கொண்டுவருகிறாள். வீட்டிலிருக்கும் பணிப்பெண் த்ஸுச்சுவான் கொடுத்தனுப்பியது. தாய்யூ அதை வாங்கி அணைத்துக்கொண்டு, சிறுமியைச் சிரித்தவாறே கடிந்துகொள்ளுகிறாள். தான் நாள்தோறும் சொல்வதெல்லாம் காற்றிற் போக, மற்றொருத்தி சொன்ன சொல் மட்டும் அரசாணைபோல் நிறைவேறுகிறதே என்பது அக்கடிதலின் சாரம்.

இப்பேச்சை யார் யார் எவ்வாறு கேட்டனர் என்று பார்க்கவேண்டும். சிறுமி கேட்டது எசமானியின் பொய்க்கோபம். பாவ்யூ கேட்டது தன்மேல் விழுந்த அடி. ஆனால் அவனிடத்தில் எவரும் ஒன்றும் சொல்லவில்லையே! சொல்லாத சொல்லுக்கு விடை சொல்வது எங்ஙனம்? ஆகவே இரண்டு முறை இளித்துவிட்டு அடங்குகிறான். பாவ்ச்சாய்க்கும் முழுதும் விளங்கிற்று, விளங்காதவள்போல் இருந்துவிட்டாள். சித்திக்கோ கணப்புச்சட்டியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நோயாளிப் பெண்ணாயிற்றே, உன்மேல் அக்கறைகொண்டு அனுப்பினால் அதிற் பிழை என்ன என்று கேட்கிறாள். அப்பொழுதுதான் தாய்யூவின் திறமை வெளிப்படுகிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் அவள் தன் பேச்சுக்கு மூன்றாவது பொருள் ஒன்றைப் படைத்துச் சித்தியின் கையிற் கொடுக்கிறாள்: இஃது உங்கள் வீடாகையால் தாழ்வில்லை; பிறர் வீடாயிருந்தால், தங்களிடம் ஒரு கணப்புச்சட்டிக்கும் வழியில்லையென்று எண்ணிவிட்டார்களே என்று அவ்வீட்டார் மனம் நோவார்களே, அதற்காகத்தான் சிறுமியைக் கடிந்தேன் என்கிறாள். சித்தியும் நம்பி, இப்பெண் எதையும் மிகுதியாக எண்ணுகிறது என்று பரிவோடு முடித்துவிடுகிறாள்.

இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் வியந்து போவது போதாது. தாய்யூ தன் மனத்திலிருந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அச்சொல் எப்படி இருந்திருக்கும்? நீ என் சொல்லைக் கேளாமல் அவள் சொல்லைக் கேட்கிறாய் என்றுதான் இருந்திருக்கும். பெரியவள் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்க, மணமாகாத பெண், அதுவும் பாட்டியின் தயவில் வாழும் பெண், ஓர் ஆண்பிள்ளையை நோக்கி அவ்வாறு சொல்லக்கூடுமா? பாவ்யூ எதை வெளிப்படையாகப் பிதற்றினாலும் பிள்ளைக்குறும்பு என்று அவ்வீட்டார் சிரித்துவிடுவர். தாய்யூ ஒரு முறை வெளிப்படையாகப் பேசினால் அவள் மானம் போகும். மானத்தோடு இருக்க இடமும் போகும். வெளிப்படைப் பேச்சு எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும் பண்டமன்று. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்போர் இதனை நன்கு அறிவர். மழை பலமாயிருக்கிறது ஐயா என்று ஒரு தொழிலாளி திண்ணையோரத்தில் வந்து நின்று சொன்னால், அது வானத்தைப் பற்றிய செய்தியன்று. பால் வெட்டு நின்றுபோன நாட்களைப் பற்றிய செய்தி, சம்பள நாளைப் பற்றிய செய்தி. அதைச் செக்ரோல் புத்தகத்தில் எழுதக் கட்டமில்லை. அவன் சொன்னது மழையைத்தானே என்று சாதிக்கும் கிராணியை யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது. ஆயினும் அவன் நல்ல கிராணியல்லன்.

முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் ஆசிரியர் இதைவிட ஆழமான இடத்திற்குச் செல்லுகிறார். பாவ்யூ தாய்யூவை நோக்கி, மனம் ஆறியிரு என்னும் அளவில் ஒரு சின்னஞ்சிறு சொல்லைச் சொல்லுகிறான். எதைக் குறித்து ஆறியிருப்பது? அவன் சொல்லவில்லை. தனக்கு விளங்கவில்லை என்கிறாள் அவள். விளங்கியிருப்பது அவள் நெஞ்சு அதிர்ந்துபோவதிலிருந்து நமக்குத் தெரிகிறது. அவன் மேலும் பேச வாயெடுக்கும்போது, நீ சொல்லப்போவது எனக்கு முன்பே தெரியும் என்று கூறி அவள் போய்விடுகிறாள். பாவ்யூ மெய்ம்மறந்து நிற்கிறான். அவன் மறந்துவிட்டு வந்த விசிறியைக் கொடுப்பதற்காக ஷீரென் என்னும் பணிப்பெண் பின்னே வருகிறாள். அவளைத் தாய்யூ என்றே எண்ணிக்கொண்டு, அதுகாறும் சொல்லத் துணியாத காதலையெல்லாம் அவன் ஒளிவின்றிக் கொட்டிவிடுகிறான்! இப்பெரிய நாவலில் அவன் மிகத் தெளிவாகப் பேசிய இடங்களுள் இஃதொன்று. அத்தெளிவான பேச்சு சேரவேண்டிய செவியைச் சேரவில்லை. சேரக்கூடாத செவியில் விழுந்தது. இக்காட்சியைப் படித்தபின்னும், கதைமாந்தர் ஏன் நேராகப் பேசிக்கொள்ளவில்லை என்று ஒருவர் கேட்பாராயின் அவருக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

இனி ஷீரென் என்ன செய்தாள் என்பதே, இந்நூலைப் படிப்போர் நெடுங்காலமாகத் தமக்குள் மல்லாடிவரும் வழக்கு. சில நாட்களுக்குள் பாவ்யூ தந்தையிடம் கடுமையாக அடிபட்டுப் படுக்கையிற் கிடக்கிறான். அவன் தாயாராகிய வாங் அம்மையாரிடம் ஷீரென் சென்று பேசும் பேச்சு முப்பத்துநான்காம் அத்தியாயத்தில் வருகிறது. சின்ன ஐயா வளர்ந்துவிட்டார், பெண்களும் வளர்ந்துவிட்டனர், லின் அம்மாளும் பாவ் அம்மாளும் உறவுப் பெண்கள்தாம் எனினும் ஒரே தோட்டத்தில் இரவு பகலாகப் பழகுவதை ஊர் எப்படிப் பேசுமோ, ஆகவே அவரை ஏதேனும் காரணங்காட்டி வெளியே குடிமாற்றினால் நல்லது என்பது அவள் சொன்னதன் சுருக்கம். கவனிக்கவேண்டியது: தாய்யூவின் பெயரை அவள் தனித்துச் சொல்லவில்லை. லின் என்பது தாய்யூவின் குடிப்பெயர்; அதனோடு பாவ்ச்சாயின் பெயரையும் சேர்த்தே சொன்னாள். தன் காதில் நேராக விழுந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. அம்மையார் திடுக்கிட்டு, என் மகன் எவளோடேனும் தவறு செய்துவிட்டானா என்று கேட்கும்போது, அப்படி ஒன்றுமில்லை, இஃது என் சிறுமதிக்குத் தோன்றியது என்று பின்வாங்கிவிடுகிறாள்.

இது விசுவாசமா, கோளா? பேச்சின் ஒவ்வொரு சொல்லும் விசுவாசத்தின் சொல்லே. விளைவோ வேறு. முப்பத்தாறாம் அத்தியாயத்தில் வாங் அம்மையார் தம்முடைய மாதப்படியான 20 தாயல் வெள்ளியிலிருந்து 2 தாயலும் ஒரு சரம் காசும் ஷீரெனுக்கு மாதந்தோறும் கொடுக்க உத்தரவிடுகிறார். பகிரங்கமாக அறிவிக்கப்படாத சின்ன மனைவியின் நிலை அவளுக்குக் கிட்டுகிறது. எழுபத்தேழாம் அத்தியாயத்தில், அழகும் வாய்த்துடுக்கும் உடைய சிங்வென் என்னும் மற்றொரு பணிப்பெண், நோயாய்க் கிடக்கும்போதே வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு இறந்துபோகிறாள். எல்லோருடைய குற்றங்களும் அம்மாவுக்குத் தெரிந்திருக்க, உன் குற்றம் மட்டும் தெரியாமற் போனது எப்படி என்று பாவ்யூ ஷீரெனைக் கேட்கிறான். அவள் தலைகுனிகிறாள். ஆசிரியர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் ச்சிஹ்யென்சாய் என்னும் புனைபெயரோடு குறிப்புரை எழுதியவர் ஷீரெனிடத்துப் பரிவு காட்டுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் சிலரோ அவளை நஞ்சென வெறுத்தனர். நம் கருத்து இரு சாராரோடும் ஒட்டவில்லை. ஷீரென் வறுமை காரணமாகப் பெற்றோராலேயே விற்கப்பட்டு அவ்வீட்டிற்கு வந்த பெண். தன் எசமானின் நன்மை எது, தன் நன்மை எது என்று பிரித்துப் பார்க்கும் வசதி விற்கப்பட்டவளுக்கு இல்லை. அவன் நல்ல பெயரோடு இருந்தாற்றான் அவளுக்குச் சோறு. ஆகவே அவள் பேச்சின் இரண்டு பொருளும் அவளுக்கே பிரிந்து தோன்றியிராது என்று நாம் எண்ணுகிறோம். பிறரிடமிருந்து மறைக்கப் பேசும் இருபொருட் பேச்சு தாய்யூவினுடையது. பேசுகிறவளிடமிருந்தே ஒளிந்துகொண்ட இருபொருட் பேச்சு ஷீரெனுடையது. ஆசிரியர் தீர்ப்பெழுதாமல் விட்டதற்குக் காரணம் அஞ்சியதன்று. தீர்ப்பெழுதினால் அவள் பொய்யாகிவிடுவாள். நல்ல பணிப்பெண் அல்லது கெட்ட பணிப்பெண் என்னும் பொம்மைகளுள் ஒன்றாகிவிடுவாள்.

அங்ஙனமாயின் இருபொருட் பேச்சு எளியோரின் கேடயம் மட்டுந்தானோ என்று கேட்கலாம். அன்று. வலியோன் கையில் அது வேறு கருவியாகும். சீனர் கடைகளிற் செம்முகமும் நீண்ட தாடியுமாக ஒரு வீரனுடைய உருவத்திற்கு ஊதுவத்தி ஏற்றியிருப்பதை நம்மவர் கண்டிருப்பர். அவ்வீரனாகிய குவான் யூவின் கதையைச் சொல்லும் 'மூன்று இராச்சியங்கள்' என்னும் பழைய நாவல் பதினான்காம் நூற்றாண்டினரான லோ குவான்சுங் இயற்றியதென்பர். அதன் எழுபத்திரண்டாம் அத்தியாயத்தில், வட நாட்டை ஆளும் ட்சாவ் ட்சாவ் 219-இல் நடந்த ஹான்சுங் போரில் முன்னேறவும் இயலாமல் பின்வாங்கவும் மனமின்றிப் பாளையத்தில் இருக்கிறான். இரவுக் காவலுக்குரிய அடையாளச் சொல் யாது என்று தளபதி வந்து கேட்கும்போது அவன் முன்னே கோழிச் சாறு இருக்கிறது. கோழி விலா என்கிறான். யாங் ஷியூ என்னும் அதிகாரி அச்சொல்லைக் கேட்டவுடன் மூட்டை கட்டச் சொல்லிவிட்டான். கோழி விலாவில் தின்னச் சதையில்லை, எறியவும் மனம் வராது. ஆகவே அரசன் திரும்பிப்போக எண்ணுகிறான் என்பது அவன் உரை. செய்தி பரவிப் பாளையம் முழுவதும் மூட்டை கட்டிற்று. ட்சாவ் ட்சாவ் சினங்கொண்டு, சேனையின் உறுதியைக் குலைத்தான் என்று யாங் ஷியூவின் தலையை வெட்டுவித்தான். பிறகு போரில் அம்பு பட்டு முன்பற்களை இழந்து, உண்மையாகவே பின்வாங்கினான்.

யாங் ஷியூ சொன்ன உரை பிழையன்று. சரியாகச் சொன்னதற்கே தலை போயிற்று. ட்சாவ் ட்சாவ் அச்சொல்லை வேண்டுமென்றே இருபொருள்படச் சொன்னானா, வாய்க்கு வந்ததைச் சொன்னானா என்பதை நாவல் உறுதிப்படுத்தவில்லை. ஆளுவோனுக்கு அதுவே வசதி. போனால், நான் அப்போதே குறிப்பாற் சொன்னேன் என்பான். போகாவிட்டால், நான் சாற்றிலிருந்த எலும்பைத்தான் சொன்னேன் என்பான். எளியோன் இருபொருள்படப் பேசினால் ஆபத்து பேசுகிறவனுக்கு. பெரியோன் இருபொருள்படப் பேசினால் ஆபத்து கேட்கிறவனுக்கு. ஒரு கலையையே இவ்விரு நாவல்களும் எதிரெதிர் முனைகளிலிருந்து காட்டுகின்றன. ஆயினும் 'மூன்று இராச்சியங்கள்' இத்துறையிற் சற்றுக் கரடுமுரடானது என்றே சொல்லவேண்டும். அங்கே பொருளை அவிழ்ப்பதற்கு ஒரு யாங் ஷியூ எப்பொழுதும் பக்கத்தில் நிற்கிறான். 'செம்மாடக் கனவில்' அவிழ்ப்பாரில்லை.

அவிழ்ப்பாரில்லாத பேச்சுக்களுள் தலையாயது தாய்யூவின் கடைசிப் பேச்சு. தொண்ணூற்றெட்டாம் அத்தியாயம் அது. முதல் 80-க்குப் பிற்பட்ட 40 அத்தியாயங்களும் ட்சாவ் சுவேச்சின் எழுதியவையல்ல, அச்சிட்டோருள் ஒருவராகிய காவ் அ எழுதிச் சேர்த்தவை என்று அறிஞர் ஹூ ஷி 1921-இல் வாதிட்டார். இன்று பலர் அதை அப்படியே ஒப்புவதில்லை. அப்பகுதியில் நமக்கு மனக்குறைகள் பல உண்டு. ஆனால் இவ்விடத்தை எழுதியவர் எவராயினும், எந்தச் சொல்லில் நிறுத்தவேண்டும் என்பதை அறிந்தவர். குடும்பத்தார் பாவ்யூவை ஏமாற்றி, மணப்பெண் தாய்யூ என்று நம்பவைத்துப் பாவ்ச்சாயை மணமுடிக்கின்றனர். அதே வேளையில், வேறோர் இடத்தில் தாய்யூ சாகிறாள். இறக்கும்போது பாவ்யூவின் பெயரை இருமுறை கூவி அழைத்து, 'நீ' என்று தொடங்கி, 'ஹாவ்' என்று ஒரு சொல் சொல்லுகிறாள். அந்த 'ஹாவ்' என்னும் சொல் வந்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை பெருகி அவள் குரல் அடங்கிவிட்டது என்று கதை சொல்லுவோன் கூறுகிறான்.

'நீ ஹாவ்' என்று சீனர் இன்று ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதை இந்நாட்டில் நாம் அன்றாடம் கேட்கிறோம். தாய்யூவும் நலம் விசாரித்தாள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 'ஹாவ்' என்பது நல்ல என்று பொருள்படும். நன்றாக என்றும் பொருள்படும். வேறொரு சொல்லின்முன் நிற்பின் எவ்வளவு, எத்துணை என்று வியப்பையும் வெறுப்பையும் பெருக்கும். நீ எத்துணைக் கல்நெஞ்சன் என்று சொல்ல வந்தாளா? நீ நன்றாக உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல வந்தாளா? நீ செய்தது நல்ல காரியம் என்று இகழ வந்தாளா? மூன்றுக்கும் இலக்கணம் இடங்கொடுக்கிறது. அவள் குணமும் மூன்றுக்கும் இடங்கொடுக்கிறது. வாழ்நாள் முழுவதும் பிறர் செவிக்கு அஞ்சிச் சொல்லை வளைத்துப் பேசியவள், எவருக்கும் அஞ்சவேண்டாத ஒரே வேளையில் நேராகப் பேசத் தொடங்கினாள். அப்பொழுது மூச்சு நின்றுவிட்டது. கல்நெஞ்சன் என்பதுதான் சரி என்று அடித்துப் பேசும் சீன வாசகர் உளர்; அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. பாவ்யூவின்மேல் அவர்களுக்குள்ள கோபம் நியாயமானதே. ஆனால் அவர்கள் படிப்பது தங்கள் கோபத்தை, தாய்யூவின் சொல்லையன்று.

ஆங்கிலத்தில் இவ்விடம் மொழிபெயர்ப்போரைத் திணறவைக்கிறது. ஆங்கிலத்தில் எவ்வளவு என்பதற்கு ஒரு சொல். நல்ல என்பதற்கு வேறொரு சொல். முதலாவதை எழுதினால் குறைகூறல் நிற்கும், வாழ்த்துப் போய்விடும். இரண்டாவதை எழுதினால் வாழ்த்து நிற்கும், குறைகூறல் போய்விடும். ஹாக்ஸும் மின்ஃபோர்டும் வியக்கத்தக்க திறமையாளர். எனினும் மொழியே இடங்கொடாதபோது திறமை என் செய்யும்? ஆங்கிலத்தின் வழியாகவே சீனத்தை அறியும் நம்மவர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். சீனர் பேச்சு மூடுமந்திரமாக இருக்கிறது என்று நமக்குச் சொல்லப்பட்டது. நம் கைக்கு வந்த புத்தகத்திலோ, மூடியிருக்கவேண்டிய இடங்களில் சில திறந்து கிடக்கின்றன.

தமிழிலோ இவ்விடத்திற்கு ஒரு வழி ஆயத்தமாக இருக்கிறது. 'நீ நல்லா' என்று ஒரு பெண் தொடங்கிச் சொல் அடங்கிப்போனால், அடுத்து வரவிருந்தது 'இரு' என்னும் வாழ்த்தாகவும் இருக்கலாம். 'இருப்பியா' என்னும் சாபமாகவும் இருக்கலாம். 'செஞ்சே' என்னும் குத்தலாகவும் இருக்கலாம். மூன்றையும் நம் வீடுகளிலும் லயங்களிலும் கேளாதவர் இல்லை. 'நன்றாக' என்று இலக்கணப்படுத்தி எழுதினால் சாபம் ஓடிப்போகும். வாழ்த்து மட்டும் நிற்கும். ஆதலால் இந்நாவலைத் தமிழிற் பெயர்க்க முன்வரும் அன்பர், நூல் முழுவதையும் செந்தமிழில் எழுதினாலும் எழுதுக. இந்த இரண்டு சொற்களை மட்டும் வீட்டுப் பேச்சாகவே விடுதல்வேண்டும். மற்றொன்று. சீனத்துப் பழைய பதிப்புக்களில் இக்காலத்து நிறுத்தற்குறிகள் இல்லை. இந்நாவலைப் புதிய குறிகளிட்டு ஷாங்காயிலுள்ள யாதுங் நூலகம் வெளியிட்டது 1921-இல். சொல் எங்கே நின்றது என்பதைக் கதை சொல்லுவோனே சொல்லிவிடுகிறான். குறி அதற்குத் தேவையில்லை. அச்சுக்கோப்போர் வழக்கம்போல் அவ்விடத்தில் ஒரு வரிசைப் புள்ளி இட வருவார். இடவேண்டா என்று கைப்பிரதியின் ஓரத்தில் முன்னதாகவே எழுதியனுப்புவது நலம்.